மாணவர்களும் கடல் கடந்த உபகாரமும்

(பூலாம்பாடியில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று இங்கு நாம் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயமானது, காலேஜ் மாணவர்கள் விடுமுறையில் கூட்டமாக வெளிநாடு போய், அங்குள்ள பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு, பிள்ளைகளுக்குச் சில நாள் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தைப் பற்றியதாகும். பார்ப்பதற்கு இது மிகவும் நல்ல காரியம்தான். வாலிபர்கள் சூதாடப் போகவில்லை; குடிக்கப் போகவில்லை; பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லப் போகிறார்கள். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் சொல்லுவது நமது நோக்கமல்ல. ஆனால் நல்ல காரியம் என்று பெயர் வாங்கிவிட்ட காரியங்களைத்தான் அதிகமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஏனெனில், கெட்ட காரியத்தைக் கண்டால் ஜனங்கள் தாமாகவே எச்சரிக்கையாயிருப்பார்கள். நல்ல காரியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காததினாலேயே அதற்குள் எத்தனையோ புரட்டு புகுந்துகொள்ளுகிறது.

இந்த ஊரில் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. பச்சைமலையை அண்டிய இந்தப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டு வானத்தைப் பார்த்திருக்கும் பூமி. மழை பொய்த்தால் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. மலாய் நாடு, சிங்கப்பூர் என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். நம் பாட்டன்மார் கூலி வேலைக்குப் போன அதே சீமைக்கு இன்றைக்குப் பேரன்மார் காலேஜ் மாணவராய், உபகாரம் செய்கிறவராய்ப் போகிறார்களென்றால் அது ஒருவிதத்தில் நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் மயங்கிவிடாமல் விஷயத்தைப் பார்ப்போம்.

வழக்கம் வந்த வழி

ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்துக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது நேற்று வந்ததல்ல. 1898-ல் அமெரிக்கர்கள் ஸ்பெயின் தேசத்தாரிடமிருந்து பிலிப்பைன் தீவுகளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தீவு மக்கள் விடுதலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, 1901 ஆகஸ்டில், ‘தாமஸ்’ என்கிற பட்டாளக் கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க உபாத்தியாயர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நல்லவர்கள். காடு மேடு போய்ப் பாடுபட்டவர்கள். ஆனாலும் துப்பாக்கியும் இங்கிலீஷ் பாடப் புத்தகமும் அந்த நாட்டுக்கு ஒரே துரைத்தனத்தாரிடமிருந்து வந்தன என்பதை மறக்கக்கூடாது.

பிறகு 1958-ல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பவர், பள்ளிப் படிப்பு முடித்த 18 வயதுப் பையன்களைச் சரவாக் முதலிய தூர தேசங்களுக்கு ஒரு வருஷ காலம் தொண்டு செய்ய அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1961-ல் அமெரிக்காவில் கென்னடி அவர்கள் சமாதானப் படை என்பதை ஏற்படுத்தினார். அப்படையினர் மலாய் நாட்டில் 1962 முதல் 1983 வரையிலும், இந்தியாவில் 1976 வரையிலும் இருந்து, பள்ளிக்கூடம், வைத்தியம், கோழி வளர்ப்பு என்று பல வேலை பார்த்தார்கள். சிங்கப்பூரிலோ 2000-ம் வருஷம் முதல், வாலிபர்களைக் கூட்டம் கூட்டமாகப் பக்கத்துத் தேசத்துக் கிராமங்களுக்கும் இந்தியா, சீனாவுக்கும் அனுப்ப ஒரு திட்டமே நடந்துவந்திருக்கிறது.

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். ஆதியில் போனவர்கள் வருஷக் கணக்கில் இருந்தார்கள். அந்த ஊர்ப் பாஷையைப் படித்தார்கள். அந்த ஊர்ச் சோற்றைத் தின்றார்கள். பிற்காலத்தில் அது மாதமாயிற்று, பிறகு வாரமாயிற்று, இப்பொழுது பத்து நாளில் வந்து நிற்கிறது. பத்து நாளிலும் மூன்று நாள் ஊர் பார்ப்பதற்கு!

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் இங்கிலீஷ் சொன்னார்கள்?

மலாய் நாட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டங்களில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் 7 வயது முதல் 14 வயது வரையில் இருந்தால் தோட்டக்காரன் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923-ம் வருஷத் தொழிலாளர் சட்டத்தில் கண்டிருந்தது. சட்டம் கண்டது; பள்ளிக்கூடம் எப்படியிருந்தது? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை. வாத்தியார் வேலை பார்த்தவர் ஒரு கிராணியோ கங்காணியோ! காலையில் பால் வெட்டப் போன பிள்ளை மத்தியானம் வந்து அ, ஆ எழுதும். அங்கே இங்கிலீஷ் கிடையாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடமெல்லாம் பட்டணத்தில். அதில் படித்தது பெரும்பாலும் கிராணி, குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள். கூலிக்காரன் பிள்ளை இங்கிலீஷ் படித்தால் ரப்பர் மரத்தை எவன் வெட்டுவான் என்கிற யோசனைதான் அதற்குக் காரணம். நம் நாட்டில் சாஸ்திரம் செய்த வேலையை அங்கே துரைமார் சட்டமில்லாமலே செய்தார்கள்!

அப்பேர்ப்பட்ட கொட்டகைகளிலிருந்து வளர்ந்தவைதான் மலேசியத் தமிழ்ப் பள்ளிகள். 1957-ல் சுதந்திரம் வந்தபோது 888 பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டுபட்டும் மூடியும் போனதனால் இன்றைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. அங்கே ஆறாம் வகுப்பு வரை தமிழில் பாடம்; கூடவே மலாயும் இங்கிலீஷும் படிக்க வேண்டும்; மேல்படிப்புக்குப் போனால் மலாய் மொழியில் படிக்க வேண்டும். ஆகவே, அங்கே பத்து வயதுப் பிள்ளையொன்று தாயிடம் தமிழிலும் கடைக்காரனிடம் மலாயிலும் பேசி, புத்தகத்தில் இங்கிலீஷ் வாசிக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க இங்கிருந்து நாம் போகிறோம்! பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷைப் பாடமாகப் படித்தும், பரீட்சையில் எழுதத் தெரிந்து, நாலு பேர் எதிரில் வாய் திறக்கப் பயப்படும் நம் காலேஜ் மாணவர் அங்கே போனால், யார் யாருக்கு உபாத்தியாயர்? மூன்று பாஷை வைத்துக்கொண்டு வாழுவது எப்படி என்று அந்தக் குழந்தையிடமல்லவா இவர் பாடம் கேட்க வேண்டும்? “கற்பிக்கப் போகிறோம்” என்று சொல்லாமல் “கற்றுக்கொள்ளப் போகிறோம்” என்று சொல்லிப் போனால் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

கணக்குப் பாருங்கள்

நிற்க. இதில் உள்ள பிரயோஜனத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு பொய் சொல்லாது.

பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20 மணி. அதாவது 1,200 நிமிஷம். வகுப்பில் 40 பிள்ளைகள். வந்தவர்களில் ஒருவர் முன்னால் நின்று பாட்டுப் பாட, மற்றவர்கள் சுற்றி நின்று கை தட்டி, படம் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு பிள்ளைக்கு வாய் திறந்து பேசக் கிடைப்பது, பத்து நாளைக்கும் சேர்த்து, முப்பது நிமிஷம்! நாளைக்கு மூன்று நிமிஷம்! அந்த வகுப்பு உபாத்தியாயரோ வருஷத்தில் 200 நாளுக்குக் குறையாமல் தினம் 40 நிமிஷம் நிற்கிறார். அது 130 மணிக்கு மேல் ஆகிறது. இதில் பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பாளி? 20 மணிக்காரருக்கு மாலை. 130 மணிக்காரருக்கு மூலையில் ஒரு நாற்காலி. இது நியாயமா?

அதே கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். வந்தவர்கள் பத்துப் பேர். பிள்ளைகள் 40 பேர். நாலு பிள்ளைக்கு ஒருவராக உட்கார்ந்து வாசிக்க வைத்து, பேச வைத்து, தப்பைத் திருத்தினால், அதே 1,200 நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்கு 300 நிமிஷம், அதாவது ஐந்து மணி கிடைக்கிறது. பத்து மடங்கு அதிகம். வெளியிலிருந்து வரும் மாணவரிடத்தில் உள்ள ஒரே சொத்து அவர்களுடைய தலை எண்ணிக்கைதான். அவர்களுடைய அறிவு அல்ல. அவர்கள் நாட்டுப் பெயரும் அல்ல. அந்தச் சொத்தை உபயோகிக்காமல் மேடையேறி ஆடிப் பாடிவிட்டுப் போவது வேடிக்கையே அல்லாமல் படிப்பு ஆகாது.

நாம் கண்ட ஒரு காட்சி

நாம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சமயம் போயிருந்தோம். அன்றைக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணி முதல் பிள்ளைகளை வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் வந்தது பதினொன்றரை மணிக்கு. வந்தவுடன் ஆரத்தி, கற்பூரம், சந்தனம், மாலை! இரண்டு பெண் குழந்தைகளை விருந்தாளிகளின் காலில் விழச் சொன்னார்கள். வந்த வாலிபர்களே கூச்சப்பட்டுப் பின்வாங்கினார்கள். அவர்களுக்கு இருந்த புத்திகூட நம்மவர்களுக்கு இல்லை.

பிறகு வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிட்டு, ஒரு மாணவி இங்கிலீஷில் “உன் பெயர் என்ன?” என்று கேட்டாள். பையன் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே வந்த பிறகு அந்தப் பையனைப் பார்த்து, “என்ன தம்பி, நன்றாகப் பேசினாயே!” என்றோம். அவன் சொன்னது: “போன வருஷம் வந்தவங்களும் பேரைத்தான் கேட்டாங்க, அதுக்கு முந்தின வருஷமும் பேரைத்தான் கேட்டாங்க. எனக்கு அதுக்கு மேலே தெரியும், யாரும் கேக்கல.”

தோழர்களே! அந்தப் பையன் சொன்னதற்கு மேல் நாம் என்ன சொல்லப் போகிறோம்? வருகிறவர்களுக்கு அது முதல் நாள். அவனுக்கு அது மூன்றாவது வருஷம். அவர்களுக்கு அவன் ஒரு காட்சி. அவனுக்கு அது அவனுடைய படிப்பு. படிப்பைக் காட்சியாக்குவது பிள்ளையின் மானத்தை வாங்குவதாகும்.

இதைவிடக் கொடுமையும் உலகத்தில் நடந்திருக்கிறது. கம்போடியாவில் உபகாரத்துக்கு வருகிறவர்கள் பெருகப் பெருக, அநாதை விடுதிகளும் பெருகின. 2011-ல் அந்நாட்டு அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் சேர்ந்து விசாரித்ததில், அந்த விடுதிப் பிள்ளைகளில் நாலில் ஏறக்குறைய மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தது தெரிந்தது! அநாதைகளுக்காக விடுதி என்பது போய், விடுதிக்காக அநாதைகள் என்றாயிற்று. தர்மம் செய்ய வருகிறவன் இருந்தால் தரித்திரனை உற்பத்தி செய்யவும் ஆள் வந்துவிடுவான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

இங்கிலீஷ் சாமியல்ல

இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்கக்கூடாது. இங்கிலீஷ் வேண்டும், தோட்டத்துப் பிள்ளைக்கும் வேண்டும், காட்டுக் கொத்தனார் பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் அது ஒரு கருவி. கடப்பாரையை யாராவது கும்பிடுகிறார்களா? ஆயுத பூஜையன்று கும்பிடுகிறார்கள் என்பீர்கள், அதனால்தான் சொல்லுகிறோம்! கருவியைக் கும்பிட்டால் கை அதைப் பிடிக்கப் பயப்படும். ஒரு காலத்தில் சமஸ்கிருதம் தெரிந்தவன் சொன்னதெல்லாம் வேதமாயிருந்தது. இப்பொழுது வெள்ளைத் தோலுடன் இங்கிலீஷ் பேசிக்கொண்டு வருகிறவன் பத்தொன்பது வயதுப் பையனாயிருந்தாலும், முப்பது வருஷம் பாடம் சொன்ன உபாத்தியாயர் எழுந்து நிற்கிறார். பூசாரி மாறினானே ஒழிய பூசை மாறவில்லை.

இந்தப் பயத்தைப் போக்க ஒரு வழி உண்டு. வந்தவர்களை நம் பாஷை பேசச் சொல்லுங்கள். குழந்தைகளே அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கட்டும். ‘வாழைப்பழம்’ என்று சொல்ல வாய் வராமல் அந்தத் துரை தடுமாறும்போது வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ‘தப்பாய்ப் பேசினால் தலை போய்விடாது, இவ்வளவு படித்தவரே தப்புச் செய்கிறாரே’ என்று குழந்தைக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியம் வந்த பிறகு இங்கிலீஷ் தானாக வரும். பத்து நாளில் ஒரு பாஷையைக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் பத்து நாளில் ஒரு பயத்தை எடுத்துவிட முடியும்.

தெருவைத் தாண்டுங்கள்

1968-ல் மெக்சிகோ தேசத்தில் குவர்னவாகா என்ற ஊரில், கோடை விடுமுறைக்குக் கிராமத் தொண்டு செய்ய வரும் அமெரிக்க மாணவர்களுக்காக ஒரு மகாநாடு நடந்தது. அதில் இவான் இல்லிச் என்ற பாதிரியாரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆசீர்வாதம் செய்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலும்! அவரோ, இந்த ஜனங்களின் பாஷை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் செய்யும் தீமை இன்னதென்றுகூட உங்களுக்கு விளங்காது, ஆகவே பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உபகாரம் செய்ய மாத்திரம் வராதீர்கள் என்கிற கருத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உங்களை எதிர்த்துப் பேசக்கூடிய உங்கள் ஊர் ஏழைகளிடம் போய் வேலை செய்யுங்கள் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. மனிதன் மனிதனைக் கடல் தாண்டிப் போய்ப் பார்ப்பது நல்லதே. கிணற்றுத் தவளையாயிருப்பதைவிட ஊர் சுற்றுவது மேல். ஆனால் அவர் சொன்ன கடைசி வார்த்தை நமக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இங்கே கூடியிருக்கிற மாணவர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் ஊரில் ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் எவ்வளவு தூரம்? இரண்டு பர்லாங்கு இருக்குமா? இங்கிருந்து மலாய் நாடு ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல். ஆயிரத்தைந்நூறு மைலைத் தாண்டுகிற கால், அந்த இரண்டு பர்லாங்கைத் தாண்டாதது ஏன்? அங்கே சீனன் பிள்ளையையும் மலாய்க்காரன் பிள்ளையையும் தூக்கி மடியில் வைத்துப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். தாயார் பார்த்துப் பூரிக்கிறார். இங்கே ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைச் சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லுங்கள், அதே தாயார் பூரிக்கிறாரா பார்ப்போம்! தூரத்து ஏழையிடம் ஜாதி தெரிவதில்லை. அதனால் அன்பு சுலபமாய் வருகிறது. பக்கத்து ஏழையிடம் ஜாதி தெரிகிறது. அதனால் அன்பு வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. கஷ்டமான அன்பைச் செய்து பழகாதவர் சுலபமான அன்பைச் செய்து சர்டிபிகேட் வாங்குவதில் என்ன பெருமை?

இங்கேயே செய்ய முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் நம் அரசாங்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்பதைத் தொடங்கிற்று. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அந்தந்தத் தெருவில் உள்ளவர்களே தொண்டர்களாய் வந்து பாடம் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள். படித்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த எத்தனையோ பெண்கள் அதில் உபாத்தியாயினிகளாக வெளியே வந்தார்கள். கப்பலும் வேண்டியிருக்கவில்லை, ஆகாய விமானமும் வேண்டியிருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஆகையால், போக வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. போகிறவர்கள் இப்படிப் போங்கள் என்று சொல்லுகிறோம்.

முதலாவது, போவதற்கு முன் ஒரு வருஷமாவது உங்கள் ஊரில் உங்கள் தெருவல்லாத தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகுங்கள். சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டமென்று அப்பொழுது தெரியும்.

இரண்டாவது, போகும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு முன்கூட்டி எழுதி, எந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கை வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லுவதைச் செய்யுங்கள். நீங்கள் அவருக்கு உதவியாளே தவிர அவருக்கு மேல் அதிகாரியல்ல.

மூன்றாவது, வருஷத்துக்கொரு ஊர் என்று தாவாமல், ஒரே பள்ளிக்குப் போங்கள்; போன வருஷம் எது வரை நடந்தது என்று எழுதி வையுங்கள். “பெயர் என்ன?” என்பதோடு நின்றுவிடக்கூடாது. திரும்பி வந்த பிறகும் வாரம் ஒரு மணி டெலிபோனில் முகம் பார்த்துப் பேசலாம். அது செய்ய மனமில்லாதவர் போனது பிள்ளைகளுக்காக அல்ல, ஊர் பார்க்கவே என்று ஒப்புக்கொள்ளட்டும். ஊர் பார்ப்பதும் தப்பில்லை. அதற்கு உபகாரம் என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

நாலாவது, பெற்றோரைக் கேட்காமல் குழந்தையைப் படம் பிடிக்காதீர்கள். உங்கள் தங்கையைத் தெரியாதவன் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினால் சும்மாயிருப்பீர்களா?

இங்குள்ள பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பள்ளிக்கு அந்நியர் வந்தால் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், மரியாதையாய்ப் பேசுங்கள். ஆரத்தி வேண்டாம்; காலில் விழுதல் வேண்டாம்; பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம். வருகிறவர்கள் நம் பிள்ளைகளுக்குச் சமமானவர்களாக வரட்டும், சமமானவர்களாகப் போகட்டும்.

நாம் சொன்னதில் தப்பிருந்தால் இங்கேயே எழுந்து கேளுங்கள். குறிப்பாக மாணவர்கள் கேட்க வேண்டும். நமது வார்த்தையைக் கேட்டுக் கை தட்டிவிட்டுப் போவதாலும் பிரயோஜனமில்லை. இன்று சாயங்காலமே, இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது, பக்கத்துத் தெருவில் எந்தப் பிள்ளை விளக்கடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு புரியாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதன் பக்கத்தில் உட்காருங்கள். அதன் பெயரைக் கேளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்!